மன்னித்து முடியாதவள் கல்யாண வீட்டுக்குப் போகலாமா?

கேள்வி: நான் மட்டக்களப்பில் ஆசிரியையாக இருக்கிறேன். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டில் என் அக்கா தன் பிள்ளையைப் பறிகொடுத்தா. என் மகளும் அன்று அங்கே நின்றவள். சின்னப் பிள்ளை, காயத்தோடு தப்பிவிட்டாள். "நாங்கள் மன்னிக்கிறோம்" என்று சபை சொன்னபோது நானும் ஆமென் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். ஆனால் இன்றைக்கும் பஸ்ஸில் அபாயா போட்ட ஒருவர் பையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிடுகிறேன். அக்கா இந்த மன்னிப்புப் பேச்சைக் கேட்க முடியாமல் சபைக்கு வருவதையே விட்டுவிட்டா. போன மாதம் மகள் கேட்டாள்: "அம்மா, நீங்க உண்மையாவே மன்னிச்சிட்டீங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. இப்போது என்னோடு பல வருடமாகப் படிப்பிக்கும் ஒரு முஸ்லிம் டீச்சர் தன் மகளின் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறா. குண்டு வெடித்த கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதவ. கணவர் போக வேண்டாம் என்கிறார். என் விசுவாசம் பொய்யா? நான் போகலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மட்டக்களப்பு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கல்யாணத்துக்குத் திகதி நெருங்குகிறது என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். போங்கள். எப்படிப் போவது, எவ்வளவு நேரம் இருப்பது என்பதைப் பிறகு பேசலாம். போவதா இல்லையா என்று கேட்டால் என் பதில் இதுதான்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. குண்டு வைத்தவர்களை மன்னிப்பது ஒன்று. அந்த டீச்சரின் வீட்டுக்குப் போவது இன்னொன்று. முதலாவதை முடித்தால்தான் இரண்டாவதுக்குத் தகுதி வரும் என்று உங்களுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கில், உங்களுக்கே தெரியாமல், அவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறீர்கள். அவரை நீங்கள் மன்னிக்க வேண்டியதே இல்லை. மன்னிக்கும்படியாக அவர் எதுவும் செய்யவில்லை. உங்கள் வீட்டில் சாவு விழுந்தபோது வந்து அழுதார், இப்போது தன் வீட்டில் நல்ல காரியம் நடக்கும்போது கூப்பிடுகிறார். நம் ஊரில் உறவு என்பதே இந்தப் போக்குவரத்துத்தானே.

உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடிக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரைப் பற்றி அதிகாரிகளுக்கு முறைப்பாடு கொடுத்தவர்களிலும் காத்தான்குடி முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 2017 மார்ச்சில் அவருடைய ஆட்கள் மோதியதும் அதே ஊரில் சூஃபி வழியில் நடக்கும் முஸ்லிம்களோடுதான். அதற்குப் பிறகுதான் அவர் தலைமறைவானார். குண்டு வெடித்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 26, சாய்ந்தமருதில் அவருடைய குடும்பத்தினரும் கூட்டாளிகளும் பதுங்கியிருந்த வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அந்த அயலில் வாழ்ந்த முஸ்லிம்கள். தற்கொலைக் குண்டுதாரிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வெளிப்படையாக அறிவித்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் பயம் ஏறும் நேரத்தில் தெரிந்த விஷயம் கைக்கு வராது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் நடந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கைக்குழந்தைகள் உட்பட அத்தனை தமிழர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். அந்த டீச்சரின் ஊர் எது என்று நீங்கள் எழுதவில்லை. காத்தான்குடியோ ஏறாவூரோ ஓட்டமாவடியோ, எந்த ஊராக இருந்தாலும் 1990 என்ற வருடம் அந்த வீட்டுக்குள்ளும் இருக்கும். அதை வைத்துக்கொண்டுதான் அவர் இத்தனை வருடம் தமிழ் ஆசிரியர்களோடு ஒரே அறையில் இருந்து இடைவேளைச் சோற்றைப் பகிர்ந்திருக்கிறார். அவர் உங்களிடம் எதையாவது மன்னித்துத்தான் உட்கார்ந்தாரா என்று நீங்கள் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டீர்கள். யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் நீங்களும் எதுவும் செய்யவில்லை.

இனி பஸ்ஸில் வரும் நடுக்கம். இதை உங்கள் விசுவாசத்தோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். மூளையில் ஆபத்தை மணந்து பிடிக்கிற ஒரு பகுதி இருக்கிறது, அமிக்டலா என்பார்கள். நீங்கள் ஜெபம் பண்ணியதும் ஆமென் சொன்னதும் அதற்குத் தெரியாது. அன்றைய நாளோடு சேர்த்து எதை எதைப் பதிந்ததோ, அதைக் கண்டதும் மணியடிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். சீயோனுக்கு வந்தவன் ஓர் ஆண். முதுகில் பை. ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே வந்து பிள்ளைகள் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த முற்றத்தில் அது வெடித்தது. அந்த முற்றத்தில் அபாயா எங்கே வந்தது? பை மீதான பயம் அன்றைய நாளிலிருந்து வந்தது, அது நியாயமான பதிவு. அபாயா மீதான பயம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. விடிய விடியத் தொலைக்காட்சி, வாட்ஸ்அப்பில் சுற்றிய படங்கள், ஏப்ரல் 29இல் அவசரகால விதியின் கீழ் முகத்தை மூடும் ஆடைக்கு வந்த தடை, அதைச் சாட்டாக வைத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் பாடசாலை வாசல்களிலும் நடந்த வாக்குவாதங்கள். ஒரு ஆடையைக் கண்டு பயப்படும்படி ஒரு நாடு முழுவதும் மாதக்கணக்கில் பழக்கப்பட்டது. அந்தப் பழக்கத்தை உங்கள் காயத்தின் கணக்கில் எழுத வேண்டாம். பிறகு வந்தது பிறகே போகவும் கூடும்.

அந்தப் பயம் போவதற்கு ஒரு வழி இருக்கிறது. இப்போது நீங்கள் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுகிறீர்கள். இறங்கியதும் ஒரு நிம்மதி வருகிறது, இல்லையா? அந்த நிம்மதிதான் சிக்கல். 'இறங்கியதால்தான் தப்பினோம்' என்று மூளை எழுதிக்கொள்கிறது, அடுத்த முறை மணி இன்னும் சத்தமாக அடிக்கிறது. அதனால் அடுத்த தடவை ஒரு தரிப்புத் தள்ளி இறங்குங்கள். அது பழகியதும் இரண்டு. மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக, நீளமாகச் செய்யுங்கள். முடிந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் "எங்க இறங்கிறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பேசத் தொடங்கினால் அவர் ஒரு ஆளாகிவிடுவார், வெறும் ஆடையாக இருக்க மாட்டார். ஆனால் இரவில் கனவு, திடீரென்று அந்தக் காட்சி கண்முன் வருவது, பாடசாலை வேலையே செய்ய முடியாமை என்று போனால் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருந்து செய்ய வேண்டிய வேலை அது.

சரி, மன்னிப்புக்கு வருவோம். உங்களை அதிகம் அரிப்பது அதுதான்.

எவரெட் வொர்திங்டன் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். மன்னிப்பைப் பற்றி ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர், கிறிஸ்தவர். 1996 புத்தாண்டை ஒட்டி அவருடைய தாயை வீடு புகுந்த ஒருவர் அடித்துக் கொன்றார். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் தன் தாயின் கொலையில் எழுதிப் பார்க்க வேண்டி வந்தது. அவர் மன்னிப்பை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று முடிவு: பழிவாங்க மாட்டேன், அவனையும் மனிதனாகவே நடத்துவேன் என்று தீர்மானிப்பது. மற்றது உணர்வு: உள்ளே இருக்கிற கோபமும் கசப்பும் கரைந்து வேறாவது. முதலாவது ஒரு நாளில், ஒரு நிமிடத்தில்கூட நடக்கலாம். இரண்டாவது தன் நேரத்தில்தான் வரும். சிலருக்குப் பாதி வந்து நிற்கும்.

2019இல் நீங்கள் சொன்ன ஆமென் முதலாவது வகை. அதை நீங்கள் காப்பாற்றியிருக்கிறீர்கள். யாரையும் தூற்றவில்லை, வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளை வித்தியாசமாக நடத்தினேன் என்றும் எழுதவில்லை, பஸ்ஸில் கை நடுங்குவதற்கே வெட்கப்படுகிறீர்கள். பொய்யாக ஆமென் சொன்னவர் இப்படிக் கடிதம் எழுத மாட்டார்.

சீயோன் சபையின் தலைமைப் போதகர் அந்த நாட்களிலேயே சொன்னது உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. எங்களுக்கு வலிக்கிறது, கோபமும் இருக்கிறது, ஆனாலும் குண்டு வைத்தவரையும் அனுப்பியவர்களையும் நேசிக்கிறோம், மன்னிக்கிறோம் என்ற பொருளில் பேசினார். கோபமும் இருக்கிறது என்று அவர் சொன்னதைப் பலர் வசதியாக மறந்துவிட்டார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு பொதுப் பயன் இருந்தது என்றே நினைக்கிறேன். எங்கள் பெயரைச் சொல்லி யாரும் கல்லெடுக்க வேண்டாம் என்று ஊருக்கு அறிவிப்பது அது. எடுத்தால் என்ன ஆகும் என்பதை அதே ஆண்டு மே 13ஆம் திகதி வடமேல் மாகாணத்தில் பார்த்தோம். கும்பல்கள் பள்ளிவாசல்களையும் கடைகளையும் உடைத்தன, புத்தளம் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் தச்சுத் தொழிலாளி தன் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். தேவாலயத்தில் இறந்த பிள்ளைகளுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

ஆக, சபை அப்படிப் பேசியது சரி. ஆனால் ஒரு சபை ஒன்றாகச் செய்யும் அறிவிப்பு, அதில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு தாயின் மனதுக்குள்ளும் நடந்து முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்வது சரியில்லை. உங்கள் அக்காவுக்கு வலிக்கிற இடம் அதுதான் என்று ஊகிக்கிறேன். பிள்ளையைக் கொடுத்தவர் அவர். அவர் இன்னும் கையெழுத்துப் போடாத ஒரு பத்திரம் வருடாவருடம் ஏப்ரலில் அவர் முன்னாலேயே வாசிக்கப்படுகிறது. அந்த நாட்களில் மைக்கை நீட்டிக்கொண்டு வந்தவர்களும் இதைத்தான் கேட்டார்கள்: "அம்மா, நீங்கள் மன்னிக்கிறீர்களா?" சவப்பெட்டி மூடி சில நாள்கூட ஆகாத ஒரு தாயிடம் கேட்கிற கேள்வியா இது? (எங்கள் மனநலத் துறையிலும் இதற்குச் சமமான கூத்து நடந்தது. யார் யாரோ படிவங்களோடு வீடு வீடாக வந்து, நடந்ததை முழுவதும் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுத் திரும்பி வரவே இல்லை. பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களை ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்ல வைப்பது பயன் தராது என்று உலக சுகாதார நிறுவனமே அதைத் தவிர்க்கச் சொல்கிறது.)

2015 ஜூன் 17ஆம் திகதி அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு கறுப்பினத்தவர் தேவாலயத்தில், வேத வகுப்பில் இருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளையின வெறியன் சுட்டுக் கொன்றான். அவனையும் அவர்கள் வகுப்பில் சேர்த்து உட்கார வைத்திருந்தார்கள். இரண்டே நாளில், பிணை விசாரணையில், இறந்த ஒரு தாயின் மகள் அவனைப் பார்த்து உன்னை மன்னிக்கிறேன் என்றார். அது உலகச் செய்தியானது. அதே தாயின் மூத்த மகள், அவரும் ஊழியத்தில் இருந்தவர், தன்னால் அப்போது முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருக்குச் சில வருடங்கள் எடுத்தன. ஒரே தாய், ஒரே வேதம், இரண்டு மகள்மார். இதில் யாருடைய விசுவாசம் பெரியது என்று அளக்க நாம் யார்?

நான் போதகர் இல்லை, உங்கள் சபைக்காரனும் இல்லை. ஆனால் உங்கள் வேதப் புத்தகத்தில் அக்காவுக்கு ஓர் இடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஏரோது பெத்லகேமில் குழந்தைகளைக் கொன்ற இடத்தில் மத்தேயு ராகேலைக் கொண்டுவருகிறார். தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், அவர்கள் இல்லாதபடியால் ஆறுதலடையாமல் இருக்கிறாள். அந்த இடத்தில் யாரும் ராகேலிடம் 'போதும், எழும்பு' என்று சொல்லவில்லை. சங்கீதங்களிலும் பெரிய ஒரு பங்கு இப்படிப்பட்ட முறைப்பாடுதான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று கேட்பதையும் ஜெபமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் ஆராதனையில் மன்னிப்பைச் சொல்வதற்கு முன் இப்படி ஒரு சங்கீதத்தை முழுதாக வாசித்து, இறந்த பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க முடியுமா என்று உங்கள் போதகரிடம் கேட்டுப் பாருங்கள். நான் அறிந்த போதகர்களில் பலர் இப்படிக் கேட்டால் கோபப்பட மாட்டார்கள். யாரும் கேட்காததுதான் குறை.

அக்காவிடம் நீங்கள் மன்னிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். கூப்பிட்டுச் சபைக்குக் கொண்டுவருகிற பொறுப்பும் உங்களுடையதல்ல. பிள்ளையின் பிறந்தநாளை நினைவு வைத்துப் போங்கள். பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் அழுவார் என்று எல்லோரும் பயந்து சொல்லாமல் விடுவதால், பிள்ளை இரண்டாம் தரமும் காணாமல் போகிறது. ஏதாவது சமைத்தால் ஒரு பங்கு கொண்டுபோங்கள். அவர் யாரையாவது சபித்தால் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள். கோபம் ஒரு நோயில்லை. ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் நாள் முழுக்க அதே ஏக்கம், பிள்ளை போனதை ஏற்கவே முடியாமை, சாப்பாடும் தூக்கமும் குலைந்து கிடப்பது, தனக்கு இனி வாழ்க்கையே இல்லை என்பது போன்ற பேச்சு என்று இருந்தால் அது நீடித்த துயரம். அதற்கென்று சிகிச்சை இருக்கிறது. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசுவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நேரடியாகவும் போகலாம்.

மன்னித்தால் நியாயம் கேட்கக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அக்காவிடமும் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்கள். கர்தினால் மல்கம் ரஞ்சித் 2020 உயிர்த்த ஞாயிறு அன்று, நாங்கள் அவர்களை மன்னித்தோம் என்று சொன்னார். அதே மனிதர்தான் 2021 மார்ச் 7ஆம் திகதியைக் கறுப்பு ஞாயிறாக்கி, மக்களைக் கறுப்பு உடையில் வரச் சொல்லி நீதி கேட்டார். இன்றும் விட்டபாடில்லை. 2019 ஏப்ரல் தொடக்கத்திலேயே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தும் தடுக்கத் தவறினார்கள் என்று 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைத் தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா கட்டச் சொன்னது. பொலிஸ் மாஅதிபராக இருந்தவரும் உளவுத்துறைத் தலைவராக இருந்தவரும் தலா 7.5 கோடி. இந்த வழக்கைப் போட்டவர்களில் பிள்ளைகளை இழந்த பெற்றோரும் இருந்தார்கள், குருவானவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் போய் நீங்கள் மன்னிக்கவில்லையா என்று கேட்பது அபத்தம். 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்த ஒரு விஷயத்தில், யார் அறிந்தும் பேசாமல் இருந்தார்கள் என்று கேட்பது இன்னொரு பிள்ளைக்கு நடக்காமல் பார்க்கிற வேலை. அதையும் அன்பின் கணக்கில்தான் நான் எழுதுவேன்.

எனக்குப் பிடித்த ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன், உங்கள் டீச்சர் விஷயத்துக்கும் இது பொருந்தும். 2006 ஒக்டோபர் 2ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், நிக்கல் மைன்ஸ் என்ற கிராமத்தில், ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பாடசாலைக்குள் ஒருவன் புகுந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். தானும் செத்தான். சில மணி நேரத்துக்குள் ஆமிஷ்காரர் சிலர் அவனுடைய மனைவியின் குடும்பத்தையும் பெற்றோரையும் தேடிப் போய் ஆறுதல் சொன்னார்கள். அவனை அடக்கம் பண்ணியபோதும் பலர் போய் நின்றார்கள். வந்து சேர்ந்த உதவிப் பணத்தில் அந்தக் குடும்பத்துக்கும் பங்கு கொடுத்தார்கள். இதை எல்லோரும் 'மகா மன்னிப்பு' என்று எழுதினார்கள். ஆமிஷ் பெற்றோர்களோ, காலையில் எழும்பினால் மறுபடியும் முதலிலிருந்து மன்னிக்க வேண்டியிருக்கிறது என்று பின்னாளில் சொன்னார்கள்.

அவர்கள் அன்றிரவு போனது யாரிடம்? கொலை செய்தவனிடம் அல்ல. அவனுடைய தாய், தகப்பன், மனைவி, பிள்ளைகளிடம். அவர்களும் ஒரு குற்றமும் செய்யாதவர்கள், ஆனால் ஊர் முகத்தில் விழிக்க முடியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள். மன்னிப்பு மனதுக்குள் வந்து சேருமுன்பே கால்கள் அங்கே போய்விட்டன. அதன் பிறகு நடந்ததுதான் என்னை யோசிக்க வைக்கிறது. சுட்டவனின் தாய், தன் மகனால் தலையில் காயப்பட்டுப் பேச்சும் நடையும் இழந்த ஒரு சிறுமியின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போகத் தொடங்கினார். குளிப்பாட்டினார், பாட்டுப் பாடினார், வாசித்துக் காட்டினார். பல வருடம் அது தொடர்ந்தது. பிள்ளையின் பெற்றோர் கதவைத் திறந்து விட்டார்கள். அந்தக் கதவைத் திறப்பதும் ஒவ்வொரு வாரமும் சுலபமாக இருந்திருக்காது.

2019க்குப் பிறகு உங்கள் டீச்சரும் அப்படி ஒரு கூச்சத்தோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்திருப்பார். யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் தன்னைப் பார்க்கிற பார்வையைத் தெரிந்திருப்பார். இருந்தும் சாவு வீட்டுக்கு வந்தார். இப்போது அழைப்பிதழ் தரும்போதும் நீங்கள் வருவீர்களா என்று அவருக்குள் ஒரு கேள்வி ஓடியிருக்கும்.

எப்படிப் போவது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தன்று கூட்டம், சத்தம், வாசலில் வாகனங்கள், யார் யாருடைய கையிலோ பைகள். உங்களுக்கு முதல் தடவை அது பெரிய படி. அதனால் அதற்கு ஒரு கிழமை முந்தி, ஒரு பின்நேரம், அவருடைய வீட்டுக்குப் போங்கள். பொண்ணுக்குச் சேலையோ வேறு பரிசோ எடுத்துக்கொண்டு போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். வீடு, பாதை, ஆட்கள் எல்லாம் தெரிந்துவிடும். அப்போதே அவரிடம் உண்மையைச் சொல்லலாம்: "டீச்சர், கூட்டத்தில் எனக்கு இன்னும் பயம் வரும். வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவேன், குறை நினைக்காதீங்க." அவர் குறை நினைக்க மாட்டார். வலீமா என்ற கல்யாண விருந்து அன்று மணமகளையும் அவரையும் பார்த்துவிட்டு, வாசலுக்குப் பக்கமான இடத்தில் உட்காருங்கள். சாப்பாட்டுக்கு இருக்க முடிந்தால் இருங்கள். முடியாவிட்டால் வட்டிலப்பத்தோடு கிளம்பிவிடுங்கள். அரை மணி நேரம் போனாலும் அது போனதுதான்.

கணவரோடு இதற்காகச் சண்டை போட வேண்டாம். அவர் போக வேண்டாம் என்பது வெறுப்பினால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அன்று மகளைத் தேடி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களில் அவரும் ஒருவராக இருந்திருப்பார். ஆண்கள் அந்தப் பயத்தை 'வேண்டாம்' என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவார்கள். முதல் நாள் வீட்டுக்குப் போகும்போது அவரையே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். உள்ளே வரக் கூப்பிட வேண்டாம். டீச்சரின் வீட்டுக்காரர் வெளியே வந்து "வாங்க, தம்பி" என்றால் மீதி தானாக நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

மகளுக்கு என்ன பதில்? உள்ளதைச் சொல்லுங்கள். "பழிவாங்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன், அதிலிருந்து மாறவில்லை. ஆனால் கோபமும் பயமும் இன்னும் போகவில்லை. சில நாள் குறையும், சில நாள் கூடும்." பதின்ம வயதுப் பிள்ளைக்கு இது போதும். நீங்கள் முழுதாக மன்னித்துவிட்டதாக நடித்தால், தனக்குள் இருக்கிற கோபத்தை அவள் பாவம் என்று நினைத்து மறைப்பாள். அவள் உங்களிடம் கேட்டது உங்களைப் பற்றி மட்டுமல்ல என்று நினைக்கிறேன். சொல்லி முடித்ததும் "உனக்கு எப்படி இருக்குது?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

சின்ன வயதில் நடந்ததைப் பிள்ளைகள் வளர வளர மறுபடியும் புதிதாக விளங்கிக்கொள்வார்கள். எட்டு, ஒன்பது வயதில் 'சத்தம், இரத்தம்' என்று இருந்தது, இப்போது 'அவர்கள் செத்தார்கள், நான் ஏன் தப்பினேன்' என்று ஆகும். அதனால் இத்தனை வருடம் நன்றாக இருந்தவள் இப்போது ஏன் கேட்கிறாள் என்று பயப்பட வேண்டாம். பட்டாசுச் சத்தத்துக்குத் துள்ளுகிறாளா, ஏப்ரல் வந்தால் வயிற்றுவலி என்று பாடசாலைக்கு லீவு எடுக்கிறாளா, இரவில் தூங்குகிறாளா, கூட்டாளிகளோடு பழைய மாதிரி இருக்கிறாளா என்று கவனியுங்கள். இதில் இரண்டு மூன்று இருந்தாலும் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுவது நல்லது. பாடசாலையில் ஆலோசனை ஆசிரியர் இருந்தால் அங்கிருந்தும் தொடங்கலாம், ஆனால் நீங்கள் அதே பாடசாலையில் படிப்பிப்பவர் என்றால் வெளியே போவதுதான் அவளுக்கு வசதி. டாக்டரிடம் போகும்போது அன்று அவள் எந்த இடத்தில் நின்றாள், யார் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எத்தனை நாள் வார்டில் இருந்தாள் என்பதை நீங்கள் எழுதிக்கொண்டு போங்கள். அவளையே திரும்பத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டாம். ஏப்ரல் வரட்டும், பார்ப்போம் என்று வைக்காமல், கல்யாண வேலைகளுக்கு நடுவிலேயே போய்க் காட்டிவிடுங்கள்.